புதிதாகக் கைக்கு வந்த ஒரு ஏக்கர்: மண்ணுக்கு முதல் ஒரு வருடம்

தரிசாகக் கிடந்த நிலத்தை வாங்கியவர்களும், வெளியூர் வேலையை விட்டுவிட்டுப் பூர்வீக நிலத்துக்குத் திரும்பியவர்களும் முதல் மாதத்திலேயே மூன்று செலவு செய்துவிடுகிறார்கள். மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டுவது ஒன்று. இரண்டு டிப்பர் எரு அடிப்பது இன்னொன்று. பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார் என்று பத்து மூட்டை ஜிப்சம் வீசுவது மூன்றாவது. இவற்றில் கெட்ட வேலை எதுவும் இல்லை. ஆனால் எந்த மண்ணுக்கு எது, எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் செய்தால் பணத்தோடு ஒரு போகமும் போய்விடும்.

திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கம் போர்வெல் வைத்து, வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நடக்கும் ஒரு ஏக்கர் தோட்டக்கால் நிலத்தை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. மாசி, பங்குனியில் மண் மாதிரி. சித்திரையில் கோடை உழவு. வைகாசி, ஆனியில் பசுந்தாள், அதாவது மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவதற்கென்றே வளர்க்கும் பயிர். ஆடியில் மடக்கி உழவு. ஆவணி, புரட்டாசியில்தான் முதல் பயிர். ஆற்றுப் பாசனத்திலோ கரிசல் காட்டிலோ இருப்பவர்கள் மாதங்களைத் தங்கள் ஊருக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

முதலில் ஐந்து டம்ளர்

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது. நிலத்தில் ஐந்து இடங்களில் மேல்மண்ணிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒவ்வொரு கட்டி எடுத்து, நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஐந்து கண்ணாடி டம்ளர்களில் மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ அரை டம்ளர் ஊற்றி, டம்ளருக்கு ஒரு கட்டியை மெதுவாக விடுங்கள். கலக்கவோ ஆட்டவோ கூடாது. போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் உப்பே களியைப் பிடித்து வைத்துக்கொண்டு, உண்மையை மறைத்துவிடும்.

பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தால் அதைப் பிடித்து வைக்கும் மட்கு ஓரளவுக்கு இருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்து கீழே குவிந்து, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் மட்கு குறைவு. நம்மூர்ச் செம்மண்ணில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்க முடியும். கட்டியைச் சுற்றிப் பால் விட்டதுபோல் ஒரு வெள்ளைப் படலம் கிளம்பி, தண்ணீர் முழுக்கக் கலங்கி, மறுநாள் வரை தெளியாமல் நின்றால் அது சோடியத்தின் வேலை. நிலம் களர், அல்லது களராகிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடைசி வித்தியாசம் எதற்கு என்றால், மண்ணின் கார, அமில அளவான பி.எச். 8.3 என்று ஆய்வகம் தரும் மண்வள அட்டையில் வந்ததுமே, களரைத் திருத்தும் ஜிப்சத்தை வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறைய. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் பி.எச். அந்த அளவுக்கு ஏறும். உழும்போது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கற்கள் கிளம்பும் நிலம் அந்த வகை. அதற்கு ஜிப்சம் போட்டு ஆகப்போவது எதுவுமில்லை. டம்ளரில் பால் கலங்கினால்தான் ஜிப்சம் பற்றி யோசிக்க வேண்டும். நிலத்தில் உப்பு மிக அதிகமாக இருந்தால் சோடியம் இருந்தும் டம்ளர் தெளிவாகவே நிற்பது உண்டு. அதை அட்டையில் வரும் ஈ.சி. என்ற உப்பு அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

கையோடு இன்னொன்றையும் பார்த்துவிடலாம். 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மண்ணில் நான்கு விரல் ஆழம் அடித்து இறக்குங்கள். உள்ளே 450 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது ஓர் அங்குல மழைக்குச் சமம். அது வற்றியதும் மறுபடி அதே அளவு ஊற்றி, இரண்டாவது முறை வற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். அந்த எண் அடுத்த வருடம் வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்

ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ மண். ஏக்கர் நிலத்தின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 900 டன். அந்த அரைக் கிலோ இந்த 900 டன்னுக்காகப் பேச வேண்டும் என்பதை மறந்து, வரப்போரம் ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வரும் அட்டை வரப்பைப் பற்றித்தான் சொல்லும்.

நிலத்தை முதலில் நடந்து பாருங்கள். நிறம், சரிவு, பயிர் நிற்கும் விதம் வேறுபட்டால் அந்தப் பகுதிக்குத் தனி மாதிரி. மரத்தடி, வரப்பு, வாய்க்கால் ஓரம், கிணற்று மேடு, எருக்குழி இருந்த இடம், ஆடு மாடு கட்டிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். உரம் போட்டிருந்தால் மூன்று மாதமாவது போகட்டும்.

மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் ஒதுக்குங்கள், செதுக்க வேண்டாம். மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துபோல் குழி வெட்டி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துக் கொட்டிவிடுங்கள். பிறகு குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை அரை அங்குல கனத்துக்கு ஒரு சீவல் சீவினால் அதுதான் மாதிரி. நெல், நிலக்கடலை, கம்பு, கேழ்வரகு போடப்போகிறீர்கள் என்றால் ஆழம் 15 செ.மீ. பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி, காய்கறிக்கு 22.5 செ.மீ. தென்னை, மா போன்றவற்றுக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் மூன்று தனித்தனி மாதிரி.

குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் இப்படி எடுத்து பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு நுண்ணூட்ட அளவைக் கெடுக்கும். உரச் சாக்கில் மண்ணைக் கட்டினால் முழுக் கணக்கும் கெடும். சேர்ந்த மண்ணைச் சுத்தமான தாளில் வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறிபோல் நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தைக் கலந்து மறுபடி அதேபோல். அரைக் கிலோ வரும்வரை இப்படிக் குறைத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், முன்பு என்ன பயிர், அடுத்து என்ன பயிர் என்று சீட்டு எழுதி வையுங்கள். மாவட்டத்தில் இருக்கும் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம்.

போகும்போது தண்ணீரையும் கொண்டுபோங்கள். மோட்டாரைக் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 1.25க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 2.5ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரே நல்ல மண்ணைக் களராக்கும். மண்ணைத் திருத்தத் திருத்த, போர்வெல் அதைக் கெடுத்துக்கொண்டே இருக்கும் நிலங்கள் உண்டு.

அட்டையைப் படிப்பது

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் வருகின்றன. பி.எச்., ஈ.சி., அங்ககக் கரிமம் (மட்கில் உள்ள கார்பன்), தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்), கந்தகம், பிறகு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் இருக்கும். ஏக்கருக்கு வேண்டுமானால் 2.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அட்டையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பி.எச். 8.2, ஈ.சி. 0.4, அங்ககக் கரிமம் 0.36 சதவீதம், தழைச்சத்து 190 கிலோ, மணிச்சத்து 26 கிலோ, சாம்பல்சத்து 300 கிலோ. பி.எச். 8.5க்குள் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஈ.சி. 1க்குக் கீழ், உப்புத் தொல்லை இல்லை. கரிமம் 0.5க்குக் கீழ் என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் அதிகம். இங்கே குறைவு. தழைச்சத்து 280க்குக் கீழ், அதுவும் குறைவு. மணி 22க்கு மேல், சாம்பல் 280க்கு மேல். இரண்டும் அதிகம்.

இந்த நிலத்துக்காரர் வழக்கம்போல் அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டால், 23 கிலோ மணிச்சத்தை ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடத்தில் கொட்டுகிறார். அவருக்குத் தேவையான தழைச்சத்து அந்த 50 கிலோ மூட்டையில் 9 கிலோதான். 20 கிலோ யூரியாவில் அது கிடைத்துவிடும். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாமல் போகும், அதற்கு வேறு தனியாக மருந்து வாங்குவார். பொதுப் பரிந்துரையிலிருந்து, அதிகம் என்று வந்த சத்தைக் கால் பங்கு குறைப்பதும், குறைவு என்று வந்ததைக் கால் பங்கு கூட்டுவதும் நடைமுறைக் கணக்கு.

அட்டையில் முக்கியமான எண் கரிமம்தான், அசைக்கக் கடினமானதும் அதுதான். 900 டன் மண்ணில் 0.4ஐ 0.5 ஆக்குவது என்றால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். ஐந்து டன் தொழுவுரத்தில் பாதி ஈரம், மீதியிலும் மண் கலந்திருக்கும். கரிமம் என்று பார்த்தால் 700 கிலோ தேறலாம். நம்மூர் வெயிலில் அதில் பாதிக்கு மேல் ஒரே வருடத்தில் காற்றோடு போய்விடும். அதனால் ஒரே வருடத்தில் மண்ணை மாற்றித் தருகிறேன் என்று பாட்டிலோடு வருகிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

களர் என்று வந்துவிட்டால்

பி.எச். 8.5க்கு மேல், டம்ளரும் கலங்கியது என்றால் ஆய்வகத்தில் ஜிப்சம் தேவை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் அளவில் பாதி போட்டாலே நெல்லுக்குப் போதும், அதன் வேர் மேலேயே நின்றுவிடும். நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகக் கரை கட்டி, சமப்படுத்தி, உழுது, தூளாக்கிய ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேல் 10 செ.மீ. மண்ணோடு கலக்குங்கள். பிறகு தண்ணீர் கட்டி, தண்ணீரிலேயே உழுது, மூன்று நான்கு நாள் நிறுத்தி, வடித்துவிட வேண்டும். மறுபடி கட்டி மறுபடி வடிப்பது. மூன்று நான்கு தடவை.

பணம் வீணாவது இந்த வடிப்பில்தான். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்த்துவிடும், அவ்வளவே அதன் வேலை. பெயர்ந்த சோடியம் தண்ணீரோடு வெளியேறியாக வேண்டும். வடிகால் வெட்டாத நிலத்தில் அது அங்கேயே கிடந்து, காய்ந்ததும் பழைய நிலை. ஆகவே வடிகால் முதலில், ஜிப்சம் பிறகு. அதன்பின் தக்கைப்பூண்டு, அதன்பின் நெல். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி களர் நிலத்துக்கென்றே வேலை செய்யும் இடம். டி.ஆர்.ஒய். வரிசை நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான், முதல் இரண்டு வருடம் அவற்றைப் போடுவது உத்தமம்.

உழவு

சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் உழுங்கள். பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து, நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். உருண்டை உடைந்து சிதறினால் பதம். சப்பென்று தட்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். ஈரத்தில் டிராக்டரை இறக்கினால் சக்கரத் தடம் அடியில் இறுகி, அது ஒரு போகத்துக்கு வேரைத் தடுக்கும்.

சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ போதும். சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும். ரோட்டவேட்டர் மண்ணை மாவாக்கித் தரும், பார்க்க அழகாக இருக்கும். அந்த மாவு முதல் மழையில் கரைந்து, காய்ந்ததும் அப்பளம்போல் மேல் ஓடு கட்டும், முளை வெளியே வராது. வருடாவருடம் அதையே ஓட்டினால் அதன் கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே ஒரு தட்டு இறுகிவிடும். கோரை இருக்கும் நிலத்தில் அதை ஓட்டுவது கோரையை நிலம் முழுக்க நட்டுவைப்பதற்குச் சமம். கிழங்கெல்லாம் பிரிந்து பரவிவிடும்.

அடியில் தட்டு இருக்கிறதா என்று அறிய, மழைக்கு மறுநாள் முனை கூரான அரை அங்குலக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஓரிடத்தில் சட்டென நின்று, பலம் கொடுத்துத் தாண்டியதும் மறுபடி சுலபமாக இறங்கினால் நின்ற இடம்தான் தட்டு. உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்கு ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் ஓட்டலாம். அடிமண் காய்ந்திருக்கும்போதுதான் இது பலிக்கும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி இழுத்ததுபோல் கோடு விழும், தட்டு உடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதுமானது.

பசுந்தாள்: முதல் வருடத்தின் முக்கிய வேலை

பெரிய செலவில்லாமல், வண்டிக் கூலியில்லாமல், நிலத்திலேயே டன் கணக்கில் உரம் விளைவிக்கும் வழி இது ஒன்றுதான். எதைப் போடுவது என்பது நிலத்தைப் பொறுத்தது.

தண்ணீர் தேங்கும் நிலம், களர், நெல் வயல் என்றால் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. வடிகால் உள்ள தோட்டக்காலுக்குச் சணப்பு, 10 முதல் 14 கிலோ. தண்ணீர் நின்றால் சணப்பு அழுகிவிடும். தண்ணீரே இல்லாத செம்மண், மணல்சாரி நிலத்துக்குக் கொளுஞ்சி, 6 முதல் 8 கிலோ. ஆடு மாடு தொடாது, ஒருமுறை விதை உதிர்ந்தால் அடுத்தடுத்த கோடை மழைக்குத் தானாகவே முளைத்து வரும். தழை குறைவு, வளர்ச்சியும் மெதுவுதான். அதன் விதைத்தோல் கெட்டி, அப்படியே வீசினால் பாதிகூட முளைக்காது. ஆற்று மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தோ விதைக்க வேண்டும்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய பலதானிய விதைப்பும் இதே வேலையைச் செய்யும். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், கடுகு, கொத்தமல்லி, வெந்தயம்போல வாசனைப் பயிர் என்று வகைக்கு நான்கு கலந்து, ஏக்கருக்கு 20, 25 கிலோ. வேரின் ஆழம் விதவிதமாக இருப்பது நல்லதுதான். ஆனால் தழைச்சத்து 190 என்று அட்டை சொல்லும் நிலத்தில் பயறும் பசுந்தாளும் பாதிக்கு மேல் இருக்கும்படி கலந்துகொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய விதையில் 100ஐ எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து நான்காம் நாள் எண்ணிப் பாருங்கள். 80 முளைத்தால் சரி. 60 என்றால் அதற்கேற்ப விதையைக் கூட்டுங்கள். விதையை மிச்சப்படுத்தி நெருக்கமில்லாமல் விதைத்தால் தக்கைப்பூண்டு பக்கக் கிளை விட்டு, தண்டு பெருத்து விறகாகிவிடும். நெருக்கமாக நின்றால்தான் தண்டு மெலிசாக, மடங்கும்படி இருக்கும். வீசி விதைத்து, முள்செடியோ வேப்பங்கிளையோ கட்டி இழுத்து மண் மூடச் செய்து, தண்ணீர் விடுங்கள். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு பத்து நாளைக்கு ஒரு தண்ணீர். மணிச்சத்து குறைவான நிலமாக இருந்தால் அடுத்த பயிருக்கென்று வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டைப் பசுந்தாளுக்கே போட்டுவிடலாம். தழையும் கூடும், மடக்கி உழும்போது அது அடுத்த பயிருக்கே திரும்பி வரும்.

முப்பதாம் நாள் வாக்கில் நான்கு செடிகளை வேர் அறாமல் தோண்டி எடுங்கள், பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லாவிட்டால் அந்த மண்ணில் அதற்குரிய ரைசோபியம் என்ற வேர் முடிச்சு நுண்ணுயிர் இல்லை, அடுத்த முறை விதையில் கலந்து விதைக்க வேண்டும்.

எப்போது மடக்குவது? 45ஆம் நாளிலிருந்து தினமும் ஒரு பார்வை. பூ எட்டிப் பார்க்கும் நேரம்தான் சரி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டை வளைத்துப் பாருங்கள். முருங்கைப் பிஞ்சுபோல் நறுக்கென்று ஒடிந்தால் உழலாம். நார் பிடித்துக்கொண்டு ஒடியாமல் இழுத்தால் தாமதமாகிவிட்டது. நாரும் கட்டையும் ஏறிய தண்டு மட்கும்போது, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துத் தின்றுவிடும். உரம் போட்டும் பயிர் மஞ்சளாக நிற்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். நன்றாக வந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்குப் பத்து டன் வரை பச்சைத் தழை தரும். அதில் எட்டு டன் தண்ணீர். மீதி இரண்டு டன்னில் 40, 50 கிலோ தழைச்சத்து இருக்கும், இரண்டு மூட்டை யூரியாவுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

நெல் வயலில் தண்ணீர் கட்டி, டிராக்டருக்குக் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் போட்டு மிதித்து உழுதால் ஒரு வாரம் பத்து நாளில் நடலாம். தோட்டக்காலில் ஈரம் இருக்கும்போது மடக்கி, மேல் 15 செ.மீ.க்குள் மண்ணோடு கலக்க வேண்டும். ரோட்டவேட்டருக்கு இங்கே நியாயம் உண்டு, தழையை நறுக்கித் தரும். காய்ந்த மண்ணில் மடக்கினால் தழை சருகாகி அப்படியே கிடக்கும். விதைக்க 15 முதல் 20 நாள் பொறுங்கள். அவசரப்பட்டு விதைத்தால் அழுகும் தழையின் சூட்டிலும் பூஞ்சணத்திலும் நாற்று அடியழுகிச் சாயும். மண்ணைக் கிளறித் தண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள், நொறுங்கினால் நிலம் தயார்.

எரு

ஏக்கருக்கு ஐந்து டன் என்பது பரிந்துரை. 100 கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் அரைக் காய்ச்சல் எரு ஒன்றரை முதல் இரண்டு டன் பிடிக்கும். டிப்பர் கணக்கில் பேசாமல் யூனிட் கணக்கில் பேசுங்கள். ஐந்து டன்னில் 25 கிலோ தழைச்சத்து இருக்கும், முதல் பயிருக்குக் கிட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

வாங்குமுன் குவியலைக் கிளறி, உள்ளே கை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, மூக்கைப் பிடிக்கும் நெடி வந்தாலோ, வைக்கோல் வைக்கோலாகவே தெரிந்தாலோ மட்கவில்லை. வெள்ளையாகச் சுருண்ட தடித்த வேர்ப்புழுக்கள் இருந்தால் அந்தக் குவியலே வேண்டாம். ஒரு தட்டில் இரண்டு அங்குலம் எரு பரப்பி, பத்து நாள் தண்ணீர் தெளித்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆட்டெருவில் சீமைக்கருவேலம் முளைத்து வரும். ஆடு நெற்றைத் தின்று விதையைப் பதப்படுத்தியே கழிக்கிறது.

எருவை இறக்கிக் குத்துக் குத்தாகப் போட்டுவிட்டு, டிராக்டர் கிடைக்கட்டும் என்று இரண்டு வாரம் வெயிலில் காயவிடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தழைச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே ஆவியாகிவிடும். பரப்புவதும் உழுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். ஆட்டுக்கிடை போட்டாலும் அப்படித்தான். கிடை மாறிய மறுநாளே ஒரு மேலுழவு, இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய மூத்திரச் சத்து காற்றில் போகும்.

மணல்சாரி நிலத்துக்கு எருவைவிட முதலில் ஏரி வண்டல் நல்லது, மண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கும் உடம்பு வரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அந்த வண்டலின் பி.எச்., ஈ.சி. பார்த்துவிடுங்கள். களர் சூழ்ந்த ஏரியின் வண்டலும் களர்தான்.

ஜீவாமிர்தம் பற்றி ஒரு வார்த்தை. 200 லிட்டருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். நிழலில் வைத்து, தினமும் இருமுறை கலக்கி, மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதில் உள்ள தழைச்சத்தை எல்லாம் கூட்டினால் 200 கிராம் தேறும், அரைக் கிலோ யூரியாவில் உள்ளது. அது நுண்ணுயிருக்கான உறைமோர். பால் இல்லாமல் உறைமோர் மட்டும் ஊற்றித் தயிர் கேட்க முடியாது. பசுந்தாளும் மட்கும் இருக்கிற மண்ணில் ஊற்றுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களுக்கும் இதே கதைதான். 25 கிலோ மட்கிய எருவில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் ஈர மண்ணில் தூவ வேண்டும். ரசாயன உரத்தோடு கலந்து வீசினால் பாக்கெட் காசு போனது.

முதல் பயிர்

முதல் வருடமே யூரியாவை அறவே நிறுத்துவது வீம்பு. கரிமம் 0.36 உள்ள மண்ணால் பயிருக்குச் சோறு போட முடியாது. நெல் ஒரு டன் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுக்கும். பசுந்தாளும் எருவும் கொடுப்பதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் யூரியாவாக மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். அட்டையில் கரிமம் ஏற ஏற அதைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

அட்டை துத்தநாகம் குறைவு என்றால் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட். 20 கிலோ மணலோடு கலந்து தனியாகத் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடோ சூப்பரோடோ கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்கு இரண்டுமே கிட்டாது. சுண்ணாம்பு மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அங்கே உடனே இறுகிவிடும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து, இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு மறுபடி.

அறுவடை முடிந்ததும் தட்டையைக் கொளுத்தாதீர்கள். காய்கறி, வாழைக்கு இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடலாம். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும், ஒட்டிப் போட்டால் தண்டழுகல் வரும். நெல் வயல் என்றால் அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஈரம் காயுமுன் ஏக்கருக்கு 10, 12 கிலோ உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டாவில் வழக்கம். மெஷின் அறுப்பு என்றால் மெஷின் இறங்குவதற்குச் சற்று முன்புதான் தெளிக்க வேண்டும், முன்பே தெளித்து முளைத்ததெல்லாம் சக்கரத்தில் போய்விடும்.

அடுத்த மாசியில் மறுபடி ஐந்து டம்ளர், மறுபடி அந்தப் பி.வி.சி. குழாய். போன வருடம் எடுத்த அதே இடங்கள், அதே ஆழம், முடிந்தால் அதே ஆய்வகம். அட்டையில் கரிமம் 0.36லிருந்து 0.38 ஆகியிருந்தாலும் அது ஆய்வக வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் மாறுவது டம்ளரும் குழாயும்தான். போன வருடம் 40 நிமிடம் நின்ற தண்ணீர் இந்த வருடம் 25 நிமிடத்தில் இறங்கினால், அந்த எண்ணை அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்துவிட்டு, பசுந்தாள் விதைக்குச் சொல்லி வையுங்கள். வைகாசியில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய விதை.